டைப் பண்ணி முடிக்கிற வரை இருங்க: பேச்சுக் கருவியோடு தனியாக வாழ்வது எப்படி

எனக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். சக்கர நாற்காலியில்தான் எல்லாம். இடது கை இறுகி மடங்கியிருக்கும். வலது கையின் ஆள்காட்டி விரல் மட்டும் நான் நினைத்த இடத்துக்குப் போகும். தொண்டையிலிருந்து சத்தம் வரும். பல வருஷம் பழகினவர்களுக்கு அது புரியும், மற்றவர்களுக்குப் புரியாது. அதனால் அந்த ஒரு விரலால் டேப்லெட்டில் தட்டுகிறேன், தட்டியதை அந்த டேப் வாய்விட்டுப் பேசுகிறது. வேளச்சேரியில் லிஃப்ட் உள்ள ஒரு அபார்ட்மென்டில் வாடகைக்கு இருக்கிறேன். காலையிலும் ராத்திரியும் உதவிக்கு ஒரு அக்கா வருவார். நடுவில் நானும் என் வேலையும்தான். ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன்.

இப்படி ஒரு பேச்சுக் கருவி கைக்கு வந்துவிட்டது, ஆனால் தனியாக இருக்க முடியுமா என்று தயங்குகிறவர்களுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும் இதை எழுதுகிறேன். தனியாக வாழ்வது என்றால் எல்லா வேலையையும் தன் கையாலேயே செய்வது என்று நினைத்துப் பலர் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்குத் தலை வாரிவிடுவது இன்னொருவர். பின்னலா கொண்டையா, இப்போதா அப்புறமா என்று சொல்வது நான். அந்தச் சொல்லைச் சொல்லத்தான் கருவி. கீழே எழுதியிருப்பதெல்லாம் அதற்கான ஏற்பாடுகள்.

வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்

பயிற்சி பெற்றோர் வீட்டிலேயே தொடங்க வேண்டும். என் அம்மாவுக்கு என் முகம் போகிற போக்கே போதும், டைப் பண்ண விடமாட்டார். அவர் கண்டுபிடித்துவிடுவதில் எனக்கும் சுகம் இருந்தது. ஆனால் வாடகை வீட்டுக்கு அம்மாவின் கண் என்னோடு வராது. அதனால் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம்: புரிந்தாலும் புரியாத மாதிரி இருக்க வேண்டும், நான் வாக்கியத்தை முடித்த பிறகுதான் பதில் சொல்ல வேண்டும், யாராவது வந்தால் எனக்காகப் பேசக் கூடாது. முதலில் இருவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் பெற்றோர் செய்யக்கூடிய உதவிகளில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரியவில்லை. வாய் உள்ளவர் நிமிஷத்துக்கு 100 சொல்லுக்கு மேல் சாதாரணமாகப் பேசிவிடுவார். தட்டிப் பேசும் நம்மில் பலருக்கு 10 சொல் வந்தாலே அதிகம். அந்த இடைவெளியில் எதிரில் இருப்பவர் பொறுமையாக இருப்பது ஒரு பழக்கம், சொல்லிக் கொடுத்தால் வரும்.

சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. கோட்டூர்புரத்தில் இருக்கும் வித்யா சாகர் என்ற தொண்டு நிறுவனம் 1985 முதல் மாற்றுத்திறனாளிகளுக்காக வேலை செய்கிறது. முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. எந்தக் கருவி, எந்த விரலுக்குத் திரையில் எவ்வளவு பெரிய கட்டம் என்பதையெல்லாம் இப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யுங்கள். கடையில் ஒரு டேப் வாங்கி ஆப் ஏற்றிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று இருக்காதீர்கள்.

கருவியைத் தயார் செய்வது

படம் தொட்டுப் பேசும் ஆவாஸ் என்ற ஆப் சென்னையிலேயே பிறந்தது. முதலில் தனிக் கருவியாக வந்து, பிறகு டேப்புக்கு மாறியது. அதில் தமிழும் உண்டு. எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்களுக்கு டைப் செய்து பேசும் ஆப்பே போதும். நான் இரண்டையும் கலந்து வைத்திருக்கிறேன். அடிக்கடி வரும் சொல்லுக்கு, தொட்டதும் அதைப் பேசும் கட்டம், மற்றதற்கு விசைப்பலகை.

ஆண்ட்ராய்டில் தமிழ்க் குரலை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். செட்டிங்ஸில் எழுத்தைப் பேச்சாக்கும் பகுதிக்குப் போனால் குரல் கோப்பை இறக்கும் வசதி இருக்கும். இதைச் செய்யாவிட்டால் நெட் போன இடத்தில் கருவி ஊமையாகிவிடும். லிஃப்டுக்குள், ஆஸ்பத்திரி அடித்தளத்தில், புயல் நாளில் நெட் போகும். நமக்குக் குரல் தேவைப்படுவதும் அங்கேதான். டேப்பை வேறு ஆப்புக்குத் தவறிப் போகாமல் பூட்டி வைக்கும் வசதியும் செட்டிங்ஸில் இருக்கிறது. விரல் நடுங்கினால் கட்டம் கட்டமாக ஓட்டை போட்ட அக்ரிலிக் தகடு ஒன்றைத் திரை மேல் பொருத்திக்கொள்ளலாம். விரலைத் தகட்டின் மேல் ஊன்றி இழுத்து ஓட்டைக்குள் இறக்கினால் பக்கத்துக் கட்டம் அழுந்தாது. டேப்பின் சொந்த ஸ்பீக்கர் தெருச் சத்தத்தில் எடுபடாது. ஒரு சின்ன புளூடூத் ஸ்பீக்கரை நாற்காலிக் கைப்பிடியில் கட்டுங்கள்.

குரலுக்கு எப்படி எழுதுவது என்பது தனிக் கலை. 'எனக்குத் தண்ணீர் வேண்டும்' என்று அடித்தால் செய்தி வாசிக்கிற மாதிரி வரும், கேட்கிறவர் ஒரு நொடி விழிப்பார். 'எனக்கு தண்ணி வேணும்' என்று பேசுகிற மாதிரியே அடியுங்கள். பாலு என்ற பெயரைப் பல குரல்கள் பால் சத்தத்தில் படிக்கும், தனம் என்ற பெயரும் இப்படித்தான் மாட்டும். அந்தப் பெயர்களை மட்டும் ஆங்கில எழுத்தில் அடித்து, இந்திய ஆங்கிலக் குரலில் சேமித்து வைத்தால் சரியாக வரும். போன் நம்பரைச் சேர்த்து அடித்தால் கோடி, லட்சம் என்று போகலாம். ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் இடைவெளி விடுங்கள். மூச்சு விட வேண்டிய இடத்தில் காற்புள்ளி போடுங்கள்.

எழுத்தைத் தொடும்போதே ஒலிக்கும் வசதி சில ஆப்பில் உண்டு. பாஸ்வேர்டோ ஓடிபியோ அடிக்கும்போது அதை நிறுத்தியிருக்க வேண்டும். யுபிஐ பின் எண்ணை எந்தக் கட்டத்திலும் சேமிக்காதீர்கள்.

காகிதத்தில் ஒரு பிரதி கட்டாயம். கருவி இல்லாத நேரம் வந்தே தீரும். தமிழில் 247 எழுத்தையும் ஒரு தாளில் போட்டால் விரலால் எட்ட முடியாது. அதனால் உயிர் 12 ஒரு வரிசை, மெய் 18 இரண்டு வரிசை, ஆய்தம், ஜ ஷ ஸ ஹ, 0 முதல் 9 வரை, கீழே 'ஆமா', 'இல்ல', 'அழிச்சிட்டு திரும்ப', 'சொல் முடிஞ்சிது' என்று வைத்திருக்கிறேன். கோயில் என்று சொல்ல க், ஓ, ய், இ, ல் என்று தொடுவேன். எதிரில் இருப்பவர் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிச் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். பள்ளிக்கூடம் போன யாருக்கும் ஒரு நிமிஷத்தில் பிடிபடும். லேமினேட் செய்து நாற்காலிப் பையில் ஒன்று, குளியலறைச் சுவரில் ஒன்று, கட்டில் தலைமாட்டில் ஒன்று.

முதலில் ஏற்ற வேண்டிய வாக்கியங்கள்

கருவி தருகிறவர்கள் முதல் பக்கத்தில் தண்ணீர், சாப்பாடு, பாத்ரூம் என்று படம் வைத்துத் தருவார்கள். அதெல்லாம் வேண்டும்தான். ஆனால் ஒரு ஆள் தனியாக வாழ அது போதாது. என் திரையின் முதல் பக்கத்தில் இருப்பவை இவை.

'டைப் பண்ணிட்டிருக்கேன், முடிக்கிற வரை இருங்க.'
'நீங்களே முடிச்சிடாதீங்க, நான் சொல்றேன்.'
'என்கிட்ட கேளுங்க. அவங்ககிட்ட இல்ல.'
'எனக்கு காது நல்லா கேக்கும். கத்தியோ இழுத்து இழுத்தோ பேச வேணாம்.'
'வேண்டாம்.'
'நான் சொன்னது அது இல்ல.'
'யோசிச்சு சொல்றேன்.'

'வேண்டாம்' என்பதை ஒரே தொடலில் வரும்படி, பெரிய கட்டத்தில், மூலையில் வையுங்கள். மூலை விரலுக்குச் சுலபம். 'யோசிச்சு சொல்றேன்' எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம். இன்ஷூரன்ஸ் விற்கிறவர், வாடகை கூட்டுகிறவர், கல்யாணப் பேச்சு எடுக்கும் சொந்தக்காரர் எல்லாருக்கும் அது பொருந்தும்.

அடுத்த பக்கம் இடத்துக்கு ஒன்று. ஆட்டோவுக்கு: 'அண்ணா, நாற்காலி மடங்கும், பின்னாடி வைக்கலாம். ஏத்திவிட ரெண்டு நிமிஷம் ஆகும். காசு எவ்ளோ, இப்பவே சொல்லுங்க.' காய்கறி வண்டிக்கு: 'தக்காளி எவ்ளோ? நேத்து கம்மியா குடுத்தீங்களே. அழுகினத மாத்திக் குடுங்கக்கா.' பேரம் பேசும் வாக்கியம் கருவியில் இல்லையென்றால் எப்போதும் சொன்ன விலைதான். மரியாதைக்கும் வழி வேண்டும். 'வா'வும் 'வாங்க'வும் தனித்தனிக் கட்டம். பக்கத்து வீட்டுக் குட்டிப் பெண்ணை 'வாங்க' என்றால் சிரிப்பாள், அவள் பாட்டியை 'வா' என்றால் அவருக்கு மனசு சங்கடப்படும்.

கோபத்துக்கும் சொல் வையுங்கள். திட்டும் சொல்லைப் பெற்றோர் ஏற்ற விடுவதில்லை, என் விஷயத்திலும் அதற்காகச் சண்டை நடந்தது. என் வயதில் மற்றவர்களுக்கு இருக்கும் சொல்லெல்லாம் எனக்கும் வேண்டும்.

இன்னொரு பக்கத்தைப் பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். உடல் உறுப்புகளின் பெயர்கள் மறைக்காமல் கருவியில் இருக்க வேண்டும். 'தொடாதீங்க', 'அவர் என்னை அடிச்சார்', 'எனக்கு பிடிக்காதத செஞ்சார்', 'போலீஸ கூப்பிடுங்க' இவையும் இருக்க வேண்டும். சொல் இல்லாத இடத்தில் நடந்ததைச் சொல்ல வழி இல்லை, அது தெரிந்தேதான் சிலர் நம் பக்கத்தில் வருவார்கள். வாயால் பேச முடியாத சாட்சி எழுத்தாலோ சைகையாலோ புரியும்படி சொன்னால் அதை வாய்மொழிச் சாட்சியமாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். பழைய சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்த ஏற்பாடு, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் தொடர்கிறது.

போன்

நம்மைப் போன்றவர்களுக்குப் போன்தான் பெரிய தடை. மிஷின் குரல் கேட்டதும் லோன் விற்கிற கால் என்று நினைத்து வைத்துவிடுவார்கள். அதனால் முதல் வாக்கியம் தயாராக, ஒரே தொடலில் இருக்க வேண்டும்: 'கட் பண்ணாதீங்க. நான் மனுஷிதான். வாயால பேச முடியாது, டைப் பண்ணி டேப் வழியா பேசுறேன். நடுவுல சத்தம் வராது, லைன்லயே இருங்க.' எதிரில் ஆள் வந்ததும் இதைத் தட்டுங்கள். போனை ஸ்பீக்கரில் போட்டு டேப் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்தால் நன்றாகக் கேட்கும். ஐபோனில் 2023 முதல் டைப் செய்ததை அழைப்பிலேயே பேசவைக்கும் வசதி இருக்கிறது.

டெலிவரி ஆப்பில் முகவரிக் குறிப்பில் 'போன் செய்ய வேண்டாம், மெசேஜ் அனுப்பவும், நான் கதவு திறக்கச் சற்று நேரம் ஆகும்' என்று நிரந்தரமாக எழுதி வையுங்கள். கேஸ், ஈபி, இன்டர்நெட் எல்லாவற்றுக்கும் வாட்ஸ்அப்போ ஆப்போ இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். நீண்ட பேச்சு என்று தெரிந்தால் சொல்ல வேண்டியதை முன்னாலேயே முழுசாக டைப் செய்து வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.

உதவிக்கு வருகிறவர்

வேலைக்கு எடுக்கும்போது நேரில் பேசுவது நீங்களாக இருக்க வேண்டும், அம்மாவோ அண்ணனோ இல்லை. நான் அக்காவிடம் முதல் நாளே சொன்னது இது. சம்பளம் இவ்வளவு, நேரம் இது. டேப் எப்போதும் என் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கணும். சார்ஜ் போடணும்னாலும் என்னைக் கேட்டுவிட்டு எடுக்கணும். நான் டைப் செய்யும்போது திரையை எட்டிப் பார்த்து முந்திச் சொல்லக் கூடாது. வெளியே போனால் என்னிடம் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம், என் பக்கம் கையைக் காட்டினால் போதும்.

இந்தக் கடைசி விஷயம்தான் பழக நாளாகும். மருந்துக் கடையில் 'இவங்களுக்கு என்ன வேணும்?' என்று அக்காவைக் கேட்பார்கள். அக்கா இப்போது ஒன்றும் பேசாமல் டேப்பைப் பார்ப்பார். கடைக்காரரும் தானாக டேப்பைப் பார்ப்பார், அப்புறம் என்னை.

குளிக்கும்போதும் தூங்கும்போதும் டேப் கையில் இருக்காது. குளியலறைக்கு லேமினேட் தாள். 'சூடு', 'போதும்', 'வலிக்குது', 'மெதுவா' நான்கும் பெரிய எழுத்தில் அதன் மேலேயே இருக்கும். ராத்திரிக்கு வயர்லெஸ் காலிங் பெல்: பட்டனைக் கட்டில் ஓரத்தில் விரலுக்கு அடியில் ஒட்டினோம், மணியைப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு முறை அடித்தால் காலையில் பார்க்கலாம், விடாமல் அடித்தால் உடனே வரணும் என்று பேசி வைத்திருக்கிறோம். சாவி ஒன்றும் அவரிடம் உண்டு.

வங்கி, வீட்டுக்காரர், சட்டம்

ஒரு வங்கிக் கிளையில் கணக்கு தொடங்கப் போனபோது 'கார்டியன் யார்?' என்று கேட்டார்கள். நான் சேமித்து வைத்திருந்ததைத் தட்டினேன்: 'எனக்கு 18 வயசு முடிஞ்சாச்சு. கார்டியன் கிடையாது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 13ஆவது பிரிவுப்படி என் பணத்த நானே நிர்வகிக்கலாம். முடியாதுன்னா எழுத்துல குடுங்க.' மேனேஜர் வந்தார், படிவம் வந்தது. இதே சட்டம், தகவல் தொடர்பு என்பதில் நம்முடைய மாற்று வழிகளும் அடங்கும் என்று 2ஆவது பிரிவிலேயே சொல்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் யூடிஐடி அடையாள அட்டையின் படத்தை டேப்பில் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு வீட்டுக்கே வந்து சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017இல் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது, கேட்டு வாங்கலாம்.

வீடு தேடும்போது முதல் பேச்சை வாட்ஸ்அப்பில் வைத்துக்கொண்டேன். வேலை, சம்பளம், அட்வான்ஸ் எல்லாம் பேசி முடிந்த பிறகு, நேரில் வருவதற்கு முன்னால், சக்கர நாற்காலியையும் டேப்பையும் சொன்னேன். எதை எப்போது சொல்வது என்பது உங்கள் முடிவு.

ஆஸ்பத்திரியும் ஆபத்தும்

ஆஸ்பத்திரிக்கு ஒரு தனித் தாள். பெயர், ரத்த வகை, மருந்து, ஒவ்வாமை, வீட்டு ஆட்களின் எண். அதற்கு மேலே கொட்டை எழுத்தில்: 'இவருக்கு எல்லாம் புரியும். கண்ணை மேலே உயர்த்தினால் ஆமா, மூடினால் இல்லை. வலது கையில் ஊசி, ட்ரிப் போட வேண்டாம். அந்தக் கையால்தான் பேசுகிறார்.' இந்தக் கடைசி வரியை யாரும் யோசிக்க மாட்டார்கள். ட்ரிப் போட்டு வலது கையைக் கட்டிவிட்டால் என் பேச்சு போய்விடும். ஐசியுவில் டேப்பை அனுமதிக்காவிட்டாலும் தாளை அனுமதிப்பார்கள். கட்டில் தலைமாட்டில் ஒட்டச் சொல்லுங்கள். டாக்டரிடம் சொல்ல வேண்டியதை முந்தின ராத்திரியே டைப் செய்துவிடுங்கள்: எப்போதிலிருந்து, எங்கே, எது செய்தால் கூடுகிறது.

அவசரத்துக்கு 112. அதற்குப் போன் மட்டுமில்லாமல் எஸ்எம்எஸ், '112 இந்தியா' ஆப் வழியாகவும் தகவல் தரலாம். ஆப்பில் முன்கூட்டியே பதிவு செய்து வையுங்கள். 108க்கு என்று ஒரு கட்டம் தனியாக இருக்கட்டும். அதில் முகவரி, அடையாளம், மாடி, 'கதவு சாவி பக்கத்து வீட்டில்' எல்லாம் ஒரே தொடலில் வரட்டும், இரண்டு முறை சொல்லும்படி எழுதுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி தண்ணீரில் நின்றது. எங்கள் கட்டடத்தில் கரண்ட் இல்லை, லிஃப்ட் இல்லை, டவர் இல்லை. அந்த நாட்களில் எனக்கு உதவியது இரண்டு பவர் பேங்க், முன்பே இறக்கி வைத்த தமிழ்க் குரல், எழுத்துத் தாள். திரை வெளிச்சத்தைக் குறைத்து, முக்கியமானதற்கு மட்டும் டேப், மற்றதெல்லாம் தாளில் என்று பிரித்துக்கொண்டேன். மழைக்காலம் தொடங்கும் முன்னால் பவர் பேங்கை முழுக்க ஏற்றி, டேப்புக்கு ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை ஒன்றும் வாங்கி வையுங்கள். பைக்கு மேலேயே தொட்டால் வேலை செய்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். விமானத்தில் போனால் பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், 20,000 எம்ஏஎச் வரை பிரச்சினை இல்லை.

கடைசியாகப் பராமரிப்பு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த வாரம் திரும்பத் திரும்ப டைப் செய்ததைக் கட்டமாக்குகிறேன், பயன்படாததை உள்ளே தள்ளுகிறேன். கட்டங்களின் இடத்தை மட்டும் மாற்றுவதில்லை. விரல் பார்க்காமலே போகப் பழகியிருக்கும், இடம் மாறினால் வேகம் போய்விடும். ஆப்பில் உள்ள சொற்களையும் கட்டங்களையும் ஒரு ஃபைலாக எடுத்து எனக்கே மெயில் அனுப்பிக்கொள்கிறேன். பழைய போன் ஒன்றில் அதே ஆப்பை அதே அடுக்கில் ஏற்றி, சார்ஜோடு அலமாரியில் வைத்திருக்கிறேன். டேப் கீழே விழுந்து சர்வீஸுக்குப் போனால் அது திரும்பி வரும் வரை அந்தப் போனில் பேசலாம். சர்வீஸ் சென்டரில் கொடுக்கும்போது 'இது என் பேச்சு, எல்லாத்தையும் அழிச்சிடாதீங்க' என்று ஒரு சீட்டு எழுதி டேப்பின் முதுகில் ஒட்டிக் கொடுங்கள்.